குடிபழியும் கோலும்
புறநானூற்று அளவுகோலில் 1941-ஆம் ஆண்டுப் பினாங்கு

நிபோங் திபால் நகரை ஒட்டிக் கிரியான் ஆறு ஓடுகிறது. ஆற்றைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். 1941-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் நடுவில், கெடாவிலிருந்து பின்வாங்கிய பதினோராவது இந்தியப் படைப்பிரிவு இவ்வாற்றின் தென்புறத்தை அரணாகக் கொள்ள முயன்றது. சில நாள்களில் அவ்வரணும் கைவிடப்பட்டது. காப்போம் என்ற அரசு போயிற்று. தோட்டங்களும் அவற்றில் உழைத்த தமிழரும் அங்கேயே இருந்தனர். அவர்கள் அப்போரை விரும்பி அழைத்தவர் அல்லர். அதைப் பற்றிய முடிவுகளில் அவர்களைக் கேட்டாரும் இலர். ஆயினும் முடிவின் விளைவு முழுவதையும் சுமந்தவர் அவரே.

போரைப் பற்றிய முடிவு பிழைபடுமாயின் பழி யாருக்கு உரியது? குடிகள் ஆள்வோர்மீது வைத்த நம்பிக்கை எந்த இடத்தில் முறிகிறது? இவ்வினாக்கள் தமிழிலக்கியத்துக்குப் புதியன அல்ல. அதன் விடைகளை அளவுகோலாகக் கொண்டு பினாங்கின் வரலாற்றை நோக்குவது பயனுடையதாகும்.

வஞ்சினத்தின் முதற்கூறு

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் கூறிய வஞ்சினம் புறநானூற்றின் எழுபத்திரண்டாம் பாட்டு. தன்னை இளையன் என்று இகழ்ந்த பகைவேந்தரை வெல்லேனாயின் இன்னின்ன இழிவு தன்னை அடைக என்கிறான் அவன். அவ்விழிவுகள் மூன்று. தன் ஆட்சியின் நிழலில் வாழும் மக்கள், ஒதுங்க வேறு நிழல் காணாது, தம் அரசன் கொடியவன் என்று அழுது பழிதூற்றுவது ஒன்று. மாங்குடி மருதன் முதலான புலவர் தன் நாட்டைப் பாடாது நீங்குவது மற்றொன்று. இரந்து வந்தார்க்கு ஈய இயலாத வறுமை மூன்றாவது.

இம்மூன்றின் வரிசையே கருதத்தக்கது. புகழையும் கொடையையும் உயிரென மதித்த காலத்து வேந்தன் ஒருவன், அவ்விரண்டுக்கும் முன்னே குடிபழியை வைக்கிறான். போர் மேற்கொள்ளும் முடிவுக்குத் தானே பொறுப்பு என்றும், பிழைத்தால் பழிக்கும் உரிமை குடிகளுக்கு உண்டு என்றும் அவையறியச் சொல்லிவிடுகிறான். பின்னர் அமைச்சரையோ படைத்தலைவரையோ காட்டித் தான் தப்பும் வழியை அவனே அடைத்துக்கொள்கிறான்.

ஆயினும் இப்பாட்டைப் போற்றுவதோடு நின்றுவிடுதல் முறையன்று. அவன் போருக்கெழக் கூறும் காரணம் பகைவர் சொன்ன இழிசொல். சினம் ஒன்றே போருக்குப் போதிய காரணமாகுமா? செய்யக் கருதிய செயலின் அருமை, தன் ஆற்றல், பகைவன் ஆற்றல், இருதிறத்துத் துணைவர் ஆற்றல் ஆகிய நான்கையும் எடைபோட்ட பின்னரே செயலில் இறங்குக என்பது திருவள்ளுவர் வலியறிதலில் வகுத்த நெறி. ஆகவே அளவுகோல் இரண்டாகிறது. முடிவு ஆராய்ந்து எடுக்கப்பட்டதா என்பது ஒன்று. முடிவின் பொறுப்பை எடுத்தவர் வெளிப்படையாக ஏற்றாரா என்பது மற்றொன்று. முன்னது அறிவைப் பற்றியது. பின்னது அறத்தைப் பற்றியது.

தயங்கிய முடிவு

1941-இல் தூரக்கிழக்குப் படைகளின் தலைமைத் தளபதி சர் ராபர்ட் புரூக்-போபம். சப்பானியர் வருமுன் தென்சயாமில் புகுந்து சிங்கோரா துறைமுகத்தைக் கைப்பற்றுவது என்னும் திட்டம் அவர் கையில் இருந்தது. அதற்கு 'மெட்டடோர்' என்று பெயர். அதைத் தொடங்கும் அதிகாரத்தை டிசம்பர் 5-இல் இலண்டன் அவருக்கு அளித்தது. மறுநாளே சப்பானியக் கப்பற்கூட்டம் விமானங்களின் கண்ணிற்பட்டது. ஆயினும் நடுநிலை நாடாகிய சயாமின் எல்லையைப் பிரிட்டனே முதலில் மீறியதாகிவிடுமோ, அதனால் அமெரிக்காவின் ஆதரவு குறையுமோ என்ற ஐயத்தால் அவர் தயங்கினார். டிசம்பர் 8-இல் சப்பானியர் கோத்தா பாருவிலும் சிங்கோராவிலும் பட்டானியிலும் இறங்கிவிட்டனர். அன்றே திட்டம் கைவிடப்பட்டது. முன்னேறிச் செல்லக் காத்திருந்த படை, மழைநீர் நிறைந்த ஜித்ராவின் அரைகுறை அரண்களுக்குத் திரும்பியது. ஜித்ரா இரண்டு நாள் நிலைக்கவில்லை.

இத்தயக்கம் பெரும்பிழை என்பார் பலர். எனினும் அத்தளபதியின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பிறன் நாட்டு எல்லையை மீறிப் போரைத் தொடங்குவது எளிதில் எடுக்கத்தக்க முடிவன்று. அவர் கையில் இருந்த செய்தியும் முழுமையானதன்று. காலமறிதலில் தவறினார் என்று கூறலாம். குடிகளை வஞ்சித்தார் என்று இதைக்கொண்டு கூறல் பொருந்தாது.

வஞ்சனைக்கு அருகே செல்வது வேறொன்று. போர் தொடங்கிய அன்று அவர் பெயரால் வெளிவந்த நாளாணை, முன்னெச்சரிக்கை போதிய அளவு கிடைத்தது, ஏற்பாடுகள் முடிந்து சோதிக்கவும் பட்டன என்னும் கருத்தை மக்களுக்கு உரைத்தது. பல மொழிகளில் பெயர்க்க வேண்டியிருந்தமையால் அது பல திங்களுக்கு முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்தது. உண்மை நிலை யாது? மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்பது இலண்டன் படைத்தலைவர்களே ஒப்பிய கணக்கு. களத்தில் இருந்தவர் கேட்டது 566. போர் மூண்டபோது இருந்தவை ஏறத்தாழ 158. டாங்கி ஒன்றுகூட இல்லை. தன் வலி இன்னது என்று ஆள்வோர் அறிந்திருந்தனர். குடிகளுக்கு மட்டும் வேறொன்று சொல்லப்பட்டது. நம்பிக்கை முறியத் தொடங்கிய இடம் இதுவே.

திறவாத கதவு

டிசம்பர் 11-இல் ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற மக்கள் திரள்திரளாக மடிந்தனர். நகரைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. டிசம்பர் 16-ஆம் நாள் இரவு ஐரோப்பியர் மறைவாகத் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டனர். சீனர், மலாய்க்காரர், தமிழர் முதலியோர் விடப்பட்டனர். வானொலி நிலையம் அழிக்கப்படவில்லை; துறைமுகத்துப் படகுகளும் பகைவர்க்கு எஞ்சின. அப்படகுகள் பின்னர் மேற்குக் கரையில் சப்பானியப் படையிறங்க உதவின. இவ்வளவும் நிகழ்ந்த பின், சிங்கப்பூரில் அமைச்சராக இருந்த டஃப் கூப்பர், பினாங்கு மக்களில் பெரும்பாலோர் வெளியேற்றப்பட்டனர் என்னும் பொருள்பட வானொலியில் பேசினார். மக்கள் என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் யாது என்பதை மலாயா முழுவதும் அன்று அறிந்துகொண்டது.

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டில், அம்பு விடுமுன் பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் மகப்பேறு இல்லாதாரும் அரண்தேடிச் செல்க என்று அறிவிக்கும் அறநெறி பேசப்படுகிறது. அது பகைநாட்டு எளியோர்க்குக் காட்டிய இரக்கம். பினாங்கிலோ தன் ஆட்சிக்கு உட்பட்ட எளியோர்க்கே அறிவிப்பு இல்லை.

ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்து உள்ளே இருந்த நெடுங்கிள்ளியிடம் கோவூர் கிழார் சொன்ன சொல் இதனினும் நேராகப் பொருந்துகிறது. பாலின்றிக் குழந்தைகள் அழும் நகரைக் காட்டி, அறவழி நிற்பையாயின் நகரை விட்டுக்கொடுத்துக் கதவைத் திற, மறவழி நிற்பையாயின் போரிடத் திற, இரண்டும் இன்றி மறைந்திருத்தல் நாணத்தக்கது என்கிறார் அப்புலவர். பினாங்கின் ஆட்சி போரிடவும் இல்லை. குடிகளைக் கூட்டி நிலைமையைச் சொல்லி முறைப்படி ஒப்படைக்கவும் இல்லை.

அப்பணியைச் செய்தவர் இலங்கைத் தமிழராகிய மாணிக்கசோதி சரவணமுத்து. 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். பினாங்கு சேவைக் குழுவுக்குத் தலைமை ஏற்று, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் அவரே. தீவில் காவற்படை இல்லை, குண்டு வீசற்க என்று வானொலிவழிச் சப்பானியர்க்கு அறிவித்தவரும் அவரே. டிசம்பர் 19-இல் சப்பானியர் நுழைந்தனர். பின்னர் அவர்களே அவரைச் சிறையிலும் இட்டனர்.

விசாரணை இல்லாத பழி

படையை விலக்கியது போர்முறைக்கு ஏற்றதே என்பாரும், புறப்பட்ட ஐரோப்பியர் இராணுவ ஆணைக்குக் கட்டுப்பட்டே புறப்பட்டனர் என்பாரும் உளர். இரண்டும் மெய்யாகலாம். ஆனால் அவை படை விலகியதற்கு விடையாகுமேயன்றி, இனம் பார்த்துப் பிரித்ததற்கும் மறைத்ததற்கும் விடையாகா.

போருக்குப் பின் நிகழ்ந்தது யாது? சிங்கப்பூரை விட்டுத் தப்பிய தளபதி கார்டன் பென்னெட்டின் செயலை ஆராய ஆஸ்திரேலியா 1945-இல் விசாரணைக் குழு அமைத்தது. மலாயாவின் வீழ்ச்சியைக் குறித்துப் பிரிட்டன் அத்தகைய குழு எதனையும் அமைக்கவில்லை. சர்ச்சில் தம் நினைவு நூலில், சிங்கப்பூரின் நிலப்புறத்து அரண் குறைவைத் தாம் கேட்டறிந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். தளபதிகளின் அறிக்கைகள் 1948-இல் வெளிவந்தன. ஒருவர் மற்றவரைச் சுட்டினர்; கைவிடப்பட்ட குடிகளின் வாய்மொழியை முறையாகக் கேட்டாரில்லை.

முறிந்த நம்பிக்கை வேறிடம் தேடியது. 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தற்காலிக அரசு பிரிட்டன்மீதும் அமெரிக்காமீதும் போர் அறிவித்தபோது, தோட்டத் தமிழர் பலர் அவர் படையிற் சேர்ந்தனர். உயிரைக் கேட்டவர் அதை மேடையேறி வெளிப்படையாகக் கேட்டார் என்பது அம்முடிவுக்குச் சிறப்பு. ஆயினும் அளவுகோல் யாவர்க்கும் ஒன்றே. அதே ஆண்டுகளில் சப்பானியர் மலாயாவிலிருந்து சயாம் இரயில்பாதைக்குக் கொண்டுசென்ற எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோரில் பெரும்பாலோர் தமிழர். அவருள் பல்லாயிரவர் மீளவில்லை. நேச நாட்டின் கொடுமையை அவ்வரசு தடுக்க இயலவில்லை என்பதும் கணக்கில் வரவேண்டியதே.

ஆராய்ந்து எடுத்த முடிவும் தோற்கலாம். அதைக் குடிகள் பொறுப்பர். தம் வலியை மறைத்ததையும், ஆபத்து வந்தபோது தம்மை எண்ணாமல் விட்டதையும் அவர்கள் பொறுப்பதில்லை. செவிக்குக் கசக்கும் சொல்லைப் பொறுப்பவன் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்ற வள்ளுவர் கருத்து, பழியையும் நம்பிக்கையையும் ஒரே நூலில் கோக்கிறது. நெடுஞ்செழியன் வஞ்சினத்தை வகுப்பறையில் வீரத்துக்கு எடுத்துக்காட்டாக விளக்குவது வழக்கம். வீரத்தைச் சொல்லுமுன், அவன் முதலில் அஞ்சியது எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். கிரியான் ஆற்றங்கரையில் வளரும் மாணவர்க்கு அதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை.