ஐந்தாம் நிலையத்துக் கதவு

2024 ஜூலையில் ஜப்பானின் ஃபூஜி மலையில், யோஷிதா பாதையின் ஐந்தாம் நிலையத்தில் ஒரு கதவு வைத்தார்கள். ஆளுக்கு 2,000 யென், நாளுக்கு 4,000 பேர், மாலை 4 மணிக்கு அடைத்தால் விடிகாலை 3 மணிக்குத்தான் திறப்பு. மலைக்குடிலில் இடம் பதிந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மறு ஆண்டே கட்டணம் 4,000 யென் ஆயிற்று. அடைக்கும் நேரமும் பிற்பகல் 2 மணிக்கு முந்தியது.

இந்தக் கதவு வேண்டியதுதான். 3,776 மீட்டர் உயர மலையை ஒரே இரவில், ஓய்வின்றி ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்த்து இறங்குவதை அங்கே 'தோட்டா ஏற்றம்' என்கிறார்கள். கோடையிலும் உச்சியில் குளிர் நடுக்கும். மெல்லிய சட்டையோடு வந்தவர்கள் பாதையோரம் சுருண்டு கிடந்தார்கள். சிலர் கழிப்பறைக்குள் ஒடுங்கினார்கள். கதவு வருமுன் கேட்ட 1,000 யென், விருப்பமிருந்தால் கொடுக்கும் நன்கொடை. பலர் கொடுக்காமலே கடந்தார்கள். கதவு வந்தபின் அப்பாதையில் இரவு ஏறுவோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். உயிர் காக்கும் ஏற்பாட்டைக் காசு பறிக்கும் வேலை என்பது நியாயமில்லை.

என் குறை, கதவு நிற்கும் இடத்தைப் பற்றியது. அது நிற்கும் ஐந்தாம் நிலையம், அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவே, ஏறத்தாழ 2,300 மீட்டரில் இருக்கிறது. 1964இல் திறந்த சுபாரு சாலை பேருந்துகளை அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. படமெடுத்து, கடையில் ஏதாவது வாங்கித் திரும்புவோர், மலையேறுவோரைவிடப் பல மடங்கு. அவர்களைக் கதவு தொடுவதே இல்லை. மலையின் மறுபுறம் ஷிஸுவோகா மாகாணம். 2025இல் அங்கும் 4,000 யென் வாங்கத் தொடங்கினார்கள், ஆனால் நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வைக்கவில்லை. மலை ஒன்று, கணக்கு இரண்டு.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. யுனெஸ்கோ 2013இல் ஃபூஜியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இயற்கைச் சின்னமாக அல்ல, புனிதத் தலமாகவும் கலைக்கு ஊற்றாகவும் விளங்கும் பண்பாட்டுச் சின்னமாக. எடோ ஆட்சிக் காலத்தில், இம்மலையை வழிபட்ட ஃபூஜி-கோ குழுக்களின் அடியார்கள் வெள்ளுடை உடுத்து, அடிவாரத்து கிதகுச்சி ஹோங்கூ சென்கென் கோயிலில் வணங்கிவிட்டு, அங்கிருந்தே நடந்து ஏறினார்கள். எட்டாம் நிலையத்துக்கு மேலே நிலம்கூட ஒரு கோயிலுக்குச் சொந்தம். பேருந்தில் வந்து இறங்குபவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது. தலையை எண்ணுகிறோம், நேரத்தைப் பார்க்கிறோம். யாருடைய மலையில் கால் வைக்கிறோம் என்பதைச் சொல்லித்தர அந்தக் கதவில் இடமில்லை.

சுபாரு சாலையில் கார்களை நிறுத்தி டிராம் விடும் யோசனையை, யோஷிதா பாதை இருக்கும் யமனாஷி மாகாணம் முன்வைத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் டிராமும் அதே ஐந்தாம் நிலையத்தில்தான் இறக்கிவிடும். அடிவாரக் கோயிலிலிருந்து தொடங்கும் பழைய பாதை இன்றும் காட்டு நிழலில் கிடக்கிறது. அவ்வழியே நடந்து வருபவருக்கு ஐந்தாம் நிலையத்துக் கதவில் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்கலாம். குறையும் பணத்தைப் பேருந்தில் வந்து படமெடுத்துத் திரும்புவோரிடம் வாங்கலாம்.