ஹெரால்டின் சக்கரமும் ஒரு ஸ்டெப்னியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் பழைய கார்கள் சில வரிசையாக நின்றிருந்தன. அதில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பாடியில் டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் குறை சொல்ல முடியாத வேலை. குனிந்து சக்கரத்தைப் பார்த்ததும் மனசு சப்பென்று ஆகிவிட்டது. பளபளக்கும் கறுப்பு அலாய் வீல், ஓரத்தில் சிவப்பு வளையம். மேலே 1960கள், கீழே போன வருடம். ஐந்து ரதத்துக்கு ரப்பர் டயர் மாட்டிய மாதிரி இருந்தது. அந்த ரதங்களுக்காவது சக்கரமே கிடையாது, பிழைத்தன.

அவரவர் கார், அவரவர் காசு என்று விட்டிருப்பேன். ஆனால் செங்கல்பட்டில் இருக்கும் நண்பனுக்கு அந்தப் போட்டோவை அனுப்பியது என் தப்பு. "சூப்பரா இருக்குடா, அப்பா வண்டிக்கும் இதையே போட்டுடலாமா?" என்று கேட்டுவிட்டான். அவன் அப்பாவின் ஹெரால்டு பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. ஆகவே இந்தக் குறிப்பு அவனுக்காகவும்தான்.

ஹெரால்டு நம் பக்கத்து வண்டி. இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி, 1961 முதல் அதைச் சென்னையை ஒட்டி, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வண்டலூர் பக்கத்தில் செய்தது. பின்னால் வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கே மட்டுமே உண்டு, இங்கிலாந்தில் கிடையாது.

அதன் சக்கரம் ரொம்பச் சாதாரணமானது. தகட்டை அழுத்திச் செய்த இரும்பு டிஸ்க், 13 இஞ்ச், அகலம் மூன்றரை இஞ்ச். டயர் 5.20-13. நான்கு போல்ட்டு, போல்ட்டு வட்டத்தின் விட்டம் 95.25 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் நான்கு போல்ட்டு அலாய்கள் பெரும்பாலும் 100 அல்லது 114.3. அப்படியானால் அந்தக் கறுப்பு அலாய் எப்படி ஏறியது? ஒன்று, நடுவில் அடாப்டர் வைக்க வேண்டும். இல்லை, புதிதாக ஓட்டை போட வேண்டும். இரண்டுமே, அறுபது வயது ஹப்பிடம் அது சம்மதிக்காத வேலையை வாங்குவது. தவிர, ஹெரால்டின் பெருமையே 25 அடி வட்டத்துக்குள் திரும்புவதுதான். அவ்வளவு மடங்கும் முன்சக்கரத்துக்கு அகல டயர் போட்டால், முழுசாக ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது உரசத்தான் செய்யும்.

அழகுக் கணக்கிலும் அது தோற்கிறது. மெலிந்த டயர் மேல் உயரமாக உட்கார்ந்திருப்பதுதான் அந்தக் காரின் நிற்கும் தோரணை. அகலச் சக்கரம் போட்டால் வேட்டி கட்டியவர் காலில் பூட்ஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

அடுத்தது பூச்சு. செங்கல்பட்டு ஷெட் கடலிலிருந்து தள்ளி இருந்தாலும், காரை எடுத்தால் அவன் ஓட்டப்போவது கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். உப்புக்காற்று எல்லாப் பூச்சையும் சோதிக்கும். குரோம் என்றால் செம்பு, நிக்கல், அதற்கு மேல் மயிரிழையைவிட மெல்லிய குரோமியம். அதில் நுண்ணிய விரிசல் விழுந்தால் உப்பு ஈரம் உள்ளே போய், மேலே மின்ன மின்ன அடியில் துரு ஓடும். பவுடர் கோட்டிங் 200 டிகிரி வாக்கில் சுட்டெடுப்பது, கெட்டிதான். ஆனால் கல் பட்டு ஓரிடத்தில் சில்லு பெயர்ந்தால் அதை மட்டும் சரிசெய்ய முடியாது. நட்டு உட்காரும் குழியிலும் டிரம்மோடு ஒட்டும் முகத்திலும் அந்தப் பூச்சு கனமாக நின்றால், ஓட ஓட நசுங்கி நட்டு தளரும். அங்கே மறைப்பு ஒட்டாமல் பூசித் தரும் பட்டறையிடம் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். துருவைச் சுரண்டி, எபாக்ஸி பிரைமர் கொடுத்து, மேலே சாதாரண பெயிண்ட் அடிப்பது கவர்ச்சியில்லாத வழி. ஆனால் பெயர்ந்த இடத்தை வீட்டிலேயே தொட்டு மூடலாம். கடலோர வண்டிக்கு இதுதான் சரி.

மிச்சம் நிறம். இங்கேதான் நான் கொஞ்சம் அடிபட்டேன்.

"கம்பெனி நிறத்தைத் தவிர வேறெதுவும் கூடாது" என்பது என் பழைய கட்சி. கறுப்பு அடித்தால் டயரும் டிஸ்க்கும் ஒன்றாகி, சக்கரம் இருக்குமிடம் ஓட்டை மாதிரி தெரியும் என்றும் சொல்லிவந்தேன். கம்பெனி நிறம் எது என்பதற்கு அன்றைய கறுப்பு வெள்ளைப் படங்கள் உதவாது. கண்காட்சிக்கு வரும் கார்களோ ஒன்றைப் பார்த்து ஒன்று அடித்தவை. நல்ல சாட்சி ஸ்டெப்னிதான். டிக்கியில் பலகைக்கு அடியில் வெயில் படாமல் கிடப்பது அது. (இந்தச் சொல்லே வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது, 1904இல் உருவான மாற்றுச் சக்கரம்.) நண்பன் வீட்டில் பலகையைத் தூக்கினோம். மங்கிய வெள்ளி நிறம், மினுக்கே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிறகு ஓடிய நான்கு சக்கரத்தில் ஒன்றை உப்புத்தாளால் ஒரு ரூபாய் அளவுக்குத் தேய்த்தோம். மேலே கறுப்பு. அதற்கடியிலும் கறுப்பு, அதற்கடியிலும். பிரஷ் தடம் அப்படியே தெரிந்தது. கடைசியில்தான் வெள்ளி. பார்த்துக்கொண்டிருந்த நண்பனின் அம்மா சொன்னார்: "ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரே ஒக்காந்து அடிப்பாருப்பா. யாரையும் தொட விடமாட்டாரு."

பெயிண்ட் அடுக்கு ஆவணம் என்று எழுதிவந்தவன் நான். கீழ் அடுக்கை மட்டும் ஆவணமென்று சொல்லி, மேலே இருக்கிற அத்தனை வருடத்தையும் அழுக்கென்று சொல்ல முடியுமா? மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக்கூழைக் கல்லில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. தேய்ந்த சிற்பத்துக்குப் புது மூக்கு செதுக்குவதில்லை. எடுக்க வேண்டியது கெடுக்கிற உப்பை மட்டும்தான்.

ஆகவே அவனிடம் சொன்னது இது. டிஸ்க்கை மாற்றாதே, அதில் பேரம் கிடையாது. நான்கு சக்கரத்தையும் துரு நீக்கி, கறுப்பே அடி. அலாய்க் கடையின் கண்ணாடிக் கறுப்பு இல்லை, அப்பா அடித்த அரை மினுக்கு எனாமல் கறுப்பு. ஓட்டை மாதிரி தெரியும் என்று நான் சொன்னது இப்போதும் உண்மைதான். அவர் கார் அப்படித்தான் ஓடியது. தேய்த்த இடத்தைப் போட்டோ எடுத்து வை. ஸ்டெப்னியில் துருவைத் தடுக்க கொஞ்சம் மெழுகு போதும், பெயிண்ட் வேண்டாம்.

"அப்போ பாக்குறவங்க ஒரிஜினல் இல்லன்னு சொன்னா?" என்றான்.

டிக்கியைத் திறந்து காட்டு என்றேன்.