இரண்டாம் இடத்தில் நின்ற பேரரசர்: டி. கே. பகவதியின் நடிப்பு

நாடகக் கலையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கதைத்தலைவராக வந்தவரை நடுவில் நிறுத்திப் பேசுவதே நம் வழக்கமாகிவிட்டது. அவருக்கு மாலையும் மலரும் குவிகின்றன. அவர் எதிரே நின்று, சொல்லுக்குச் சொல் கொடுத்துக் காட்சியைத் தாங்கியவருக்கு ஒரு வரிப் பாராட்டோடு கடமை முடிந்துவிடுகிறது. ரசிகர்க்கு இவ்வழக்கம் பொருந்தலாம், திறனாய்வுக்குப் பொருந்தாது. குணச்சித்திர நடிகர் ஒருவரின் கலையை எடைபோட வேண்டுமாயின், அவர் எத்தனை காட்சிகளில் தோன்றினார் என்பதைவிட, அவர் தோன்றிய காட்சி அவரில்லாமல் நிற்குமா என்பதையே நாம் கேட்க வேண்டும். இக்கேள்வியோடு நாம் அணுக விரும்பும் நடிகர் டி. கே. பகவதி.

திருவனந்தபுரத்துத் தமிழர்க்கு இப்பெயர் அயலானதன்று. இந்நகரில் வாழ்ந்த நாடக நடிகர் கண்ணுசாமிப் பிள்ளை, பெண்வேடம் பூண்டு புகழ்பெற்றவர். அவர் மைந்தர் நால்வர்: சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழகம் கொண்டாடியது இந்நால்வரையே. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் தந்தையோடு மூத்தோர் மூவரும் சேர்ந்தனர். பகவதி அப்போது சிறு குழந்தை. 1925இல் சகோதரர்கள் தமக்கென ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைக் கண்டது இத்திருவனந்தபுரத்திலேதான். ஆகவே பகவதியின் கலைவாழ்வு ஒரு வகையில் நம் நகரின் கதையுமாகும்.

பாலர் நாடகசபையின் பயிற்சி எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் நடிப்பின் இயல்பு விளங்காது. வாத்தியார் சொல்லித்தரும் பாடல்களையும் வசனங்களையும் பிள்ளைகள் நெட்டுருப் போட வேண்டும். எந்த வேடத்தையும் எந்த இரவிலும் ஏற்க ஆயத்தமாய் இருக்க வேண்டும். ஒலிபெருக்கி வாராத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் காதிலும் சொல் தெளிவாக விழவேண்டும். கத்தினால் பாவம் கெடும், அடக்கினால் சொல் கெடும். இவ்விரண்டுக்கும் நடுவே குரலை நிறுத்தக் கற்றவனே நடிகனானான். இளமையில் இனிய குரலால் புகழ்பெற்ற பிள்ளைகள் பலர், மகரக்கட்டு என்னும் குரலுடைவு வந்ததும் மேடையை விட்டே மறைந்தனர். அதனைக் கடந்து வந்தவர்களுள் பகவதியின் குரல், தாழ்ந்த சுருதியில் கனத்து ஒலிக்கும் குரலாக முதிர்ந்தது. அக்குரலே பின்னாளில் அவருக்கு மணிமுடியாயிற்று.

சகோதரர்களின் குழு பழைய புராண நாடகங்களோடு நின்றுவிடவில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலான ‘மேனகா’வை நாடகமாக்கியது, 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் அது திரைப்படமாயிற்று. வங்க நாவலொன்றின் தழுவலான ‘குமாஸ்தாவின் பெண்’ 1941இல் திரைக்கு வந்தது. ஸ்ரீதர் எழுதிய ‘ரத்தபாசம்’ 1954இல் படமாயிற்று. என். எஸ். கிருஷ்ணன், கே. ஆர். ராமசாமி, எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். ராஜேந்திரன், ஏ. பி. நாகராஜன் எனத் தமிழ்க் கலையுலகை ஆண்ட பலர் இக்குழுவின் நிழலில் வளர்ந்தவர்கள். இத்தனை பேர் நடுவிலும் குழுவின் முகமாக விளங்கியவர் சண்முகமே. ஔவையாராக நடித்து அப்பெயரையே அடைமொழியாகப் பெற்றவர் அவர். 1971இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அத்தகைய தமையனுக்கு அருகே நிற்பது எளிதன்று. பகவதி அவரைப் போலச் செய்யவும் முயலவில்லை. அவரோடு போட்டியிடவும் இல்லை. சண்முகத்தின் நடிப்பு நெகிழ்ச்சியில் நம்மை ஆட்கொண்டது. பகவதியின் நடிப்போ நிமிர்வில் ஆட்கொண்டது.

அந்நிமிர்வுக்குத் தக்க இடம் அரு. இராமநாதனின் ‘இராஜராஜ சோழன்’ நாடகத்தில் வாய்த்தது. குழுவின் தலைமை நடிகராக மூத்தவர் இருக்க, பேரரசர் வேடம் இளையவர்க்கு வந்தது என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். வேடம் உறவைப் பார்த்து வழங்கப்படவில்லை. உடலையும் குரலையும் பார்த்து வழங்கப்பட்டது. நல்ல நாடகக் குழுவின் இலக்கணம் அதுவே. அந்நாடகம் 1973இல் திரைப்படமானபோது, அதே குழுவில் வளர்ந்த ஏ. பி. நாகராஜனே இயக்கினார், இராஜராஜனாகத் தோன்றியவரோ சிவாஜி கணேசன். திரைவணிகத்தின் கணக்கு அது. அதில் நாம் குறைகாண வரவில்லை. ஆயினும் மேடையில் ஒருவர் பல இரவுகள் நின்று செதுக்கிய உருவம், பார்த்தோர் நினைவோடு மறைந்துபோக, திரையில் பதிந்த உருவமே வரலாறாகிவிடுகிறது. மேடைநடிகர்க்கு நேரும் பேரிழப்பு இது. அப்படம் வெளிவருமுன் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே சண்முகம் மறைந்துவிட்டார்.

எனினும் பகவதியின் கலையை நாம் இன்றும் கண்ணால் கண்டு மதிப்பிடச் சான்று ஒன்று உண்டு. அது 1958இல் கே. சோமுவின் இயக்கத்தில் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’. என். டி. ராமராவ் இராமனாகவும், பத்மினி சீதையாகவும், சிவாஜி கணேசன் பரதனாகவும் தோன்றிய அப்படத்தில் இராவணன் வேடம் பகவதியுடையது. இராமாயணமே பெரும் வழக்காடலாக இருந்த காலம் அது. இராவணனைத் தூற்றுவோரும் போற்றுவோரும் எதிரெதிரே நின்றனர். இவ்விரு சாராரும் மறுக்கவியலாத ஓர் இராவணனைத் தந்தார் பகவதி. அவையில் வீற்றிருந்து, வைகறைக்குப் பூபாளம் என்று தொடங்கி, கயிலைநாதன் உள்ளத்தை உருக்கிய காம்போதிவரை இசையின் நுட்பங்களை அவர் விளக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். பாடுங்குரல் சி. எஸ். ஜெயராமனுடையது; இசை கே. வி. மகாதேவனுடையது. ஆயினும் அக்குரல் அவ்வுடலிலிருந்தே எழுகிறது என்று நம்மை நம்பவைப்பவர் பகவதி. கழுத்தின் திருப்பத்திலும், கண்ணின் அரைமூடலிலும், விரலின் அசைவிலும் இசை தெரிந்தவனின் செருக்கு புலப்படுகிறது. பாடலறிவும் மேடைப்பயிற்சியும் இல்லாத ஒருவர் அங்கே வாயசைத்திருந்தால் அது பொம்மையாட்டமாய் முடிந்திருக்கும்.

இவ்விடத்தில் நம் நாட்டுக் கதகளியை நினையாதிருக்க முடியவில்லை. இராவணன் அங்கே கத்தி வேடம். முகம் பச்சை, ஆனால் அப்பச்சையைப் பிளந்து சிவப்பு ஓடும், மூக்கின் நுனியிலும் நெற்றியிலும் வெண்ணிற உருண்டைகள் ஒளிரும். உயர்குடிப் பண்பும் அடங்காச் செருக்கும் ஒரே முகத்தில் உறைகின்றன என்பதே அவ்வண்ணங்களின் பொருள். பகவதி அவ்வண்ணம் எதனையும் பூசாமல், குரலாலும் நிலையாலும் மட்டுமே அவ்விரண்டையும் காட்டினார். வெறுக்கத்தக்க செயலைச் செய்பவன் வியக்கத்தக்க தகுதியுடையவன் என்பது தெளிவானால்தான் அவன் வீழ்ச்சி துயரமாகும். வில்லன் என்ற ஒற்றைச் சொல்லில் அடங்காத இராவணனை அவர் படைத்தார் என்பதே நம் துணிபு.

புகழ்ந்ததோடு நிறுத்துவது திறனாய்வாகாது. பகவதியின் வலிமையே சில இடங்களில் அவருக்கு எல்லையுமாயிற்று. கொட்டகையின் கடைசி வரிசைக்காகப் பழக்கிய குரல், ஒலிவாங்கி அருகிலிருக்கும் படப்பிடிப்பு நிலையத்தில் அளவுக்கு மிஞ்சியதாகிவிடும். அரசவையில் கம்பீரமாக ஒலிக்கும் நிறுத்தமும் அழுத்தமும் வீட்டுக்கூடத்தில் பேச்சாக ஒலியாமல் சொற்பொழிவாக ஒலிக்கும். இது அவர் ஒருவர்க்கே உரிய குறையன்று. அவர் தலைமுறை முழுவதையும் பற்றிய குறை. மலையாள மேடையிலிருந்து திரைக்கு வந்த பி. ஜே. ஆன்டணி, 1973இல் வந்த ‘நிர்மால்யம்’ படத்தில் வறுமையில் நலியும் வெளிச்சப்பாடாக நடித்து நாட்டின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். மேடைக்குரலை அடக்கி, மௌனத்தைப் பேசவைக்கும் வாய்ப்பை அவருக்கு அக்கதை அளித்தது. நம் திரையுலகமோ பகவதியைக் கண்டதும் மணிமுடியையும் மார்புக் கவசத்தையுமே நினைத்தது. முதுமையும் தோல்வியும் உற்ற எளிய மனிதனை அவர் எவ்வாறு காட்டியிருப்பார் என்று எண்ணும்போது, தராத வாய்ப்புக்காக நடிகரைக் குறைகூறுவது முறையன்று என்பது தெளிவாகிறது.

சண்முகம் 1972இல் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலைத் தந்து, ஒரு காலத்தின் மேடையையே எழுத்தில் காத்தார். தமையனின் அந்நூலைப் படிப்போர் அதன் பக்கங்களில் தம்பியையும் தேடிக் காண வேண்டும் என்பது நம் விருப்பம். இரண்டாம் இடம் என்பது தாழ்ந்த இடமன்று. நாடகம் என்னும் கட்டடத்தில் அது தூண் நிற்கும் இடம். சாலைத் தெருவிலும் கோட்டைப் புறத்திலும் நடமாடிய ஒரு குடும்பத்தின் கடைசிப் பிள்ளை, சோழனாகவும் இலங்கை வேந்தனாகவும் தமிழ் மக்கள் முன் நின்றார். அந்த இராவணனை நம் இளைஞர்கள் ஒருமுறை பொறுமையோடு காணட்டும். கண்டபின், காட்சி யாரால் நின்றது என்று அவர்களே சொல்வார்கள்.