16ஆம் இடத்தில் ஓர் இணைப்பு

ஒரு நூலகத்தை வேறொரு மொழியிலிருந்து அழைக்க வழிசெய்யும் பைண்டிங்குகளை ரசிப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. க்னோமின் அணுகல்தன்மை நூலகமான ஏடிகே-யின் சி ஹெடரை அப்படியே படித்து இன்புறுபவர்கள் ஒரு கட்சி. அதே இன்டர்ஃபேஸ் வேறொரு மொழிக்குள் குடிபுகுந்து அந்த ஊர் நடையைப் பழகிக்கொள்வதைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஹைப்பர்லிங்க் விஷயத்தில் என் ஓட்டு எப்போதும், திரைவாசிப்பான்கள் செயலிகளோடு பேச லினக்ஸில் உள்ள ஏடி-எஸ்பிஐ-யின் பைதான் பைண்டிங்கான பைஏடிஎஸ்பிஐ-க்குத்தான். அதிலும், ஐபிஎம்மில் பீட்டர் பரென்டே எழுதி 2007 வாக்கில் க்னோமுக்குள் வந்த, கோர்பா காலத்துப் பழைய பைஏடிஎஸ்பிஐ-க்கு.

டெக்ஸ்ட், டேபிள் போன்ற பெரிய இன்டர்ஃபேஸ்களை விட்டுவிட்டு இந்தச் சிறியதை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். சிறியது என்பதால்தான். ஆங்கர்களின் எண்ணிக்கை, தொடக்க இடம், முடிவிடம், பொருளைத் தருவது, முகவரியைத் தருவது, இணைப்பு செல்லுமா என்று சொல்வது. ஏடி-எஸ்பிஐ-யில் மொத்தமே இந்த ஆறுதான். இதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. எழுதியவரின் கை நன்றாகத் தெரியும்.

பழைய பைஏடிஎஸ்பிஐ-யில் அந்தக் கை முதலில் தெரிவது பிழைகளில். ஹைப்பர்டெக்ஸ்ட் இன்டர்ஃபேஸே இல்லாத ஒரு பொருளிடம் அதைக் கேட்டால் வெற்று மதிப்பைக் கொடுத்து நழுவாது. நாட்இம்ப்ளிமென்டட்எரர் என்று பைதானுக்குச் சொந்தமான வார்த்தையில் பதில் வரும். பக்கம் மாறிப்போய்ப் பொருள் செத்துவிட்டிருந்தால் லுக்அப்எரர். அடியில் செய்தி கடத்தும் கோர்பா விதவிதமான பிழைகளை வீசிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவன் அந்தப் பெயர்களைக் கேள்விப்படவே வேண்டியதில்லை. பிள்ளைகளை எண்ண லென், ஒரு பிள்ளையை எடுக்கச் சதுர அடைப்பு, எல்லாரையும் பார்க்க ஃபார். பைதான் தெரிந்தவர் கையேட்டைப் புரட்டாமல் எழுதலாம்.

செயலிகளின் அணுகல்தன்மை மரத்தைக் காட்டும் ஆக்சர்சைசரைத் திறந்து, மரத்தில் ஒரு பத்தியைத் தேர்ந்துவிட்டுக் கீழே ஐபைதான் பலகத்துக்குப் போனால் அந்தப் பொருள் ஏசிசி என்ற பெயரில் தயாராகக் காத்திருக்கும். எத்தனையோ இரவுகள் அந்தப் பலகத்தில் கழிந்திருக்கின்றன. ஒரு வரி அடித்து, பதில் வந்து, அடுத்த வரி அடிக்கும்போது உலாவியின் உள்ளே நடந்துபோவது போலவே இருக்கும். ஒரு பைண்டிங்கை மதிப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

எனக்கு மிகப் பிடித்தது, தொடக்க இடத்தைச் சொல்லும் ஸ்டார்ட்இண்டெக்ஸ். அதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் ருசி தெரியும். ஒரு பக்கத்தில் 'இந்தச் செய்தியை இங்கே படிக்கலாம்' என்று ஒரு பத்தி. அதில் 'இங்கே' மட்டும் இணைப்பு. ஃபயர்ஃபாக்ஸிடம் பத்தியின் உரையைக் கேட்டால் 'இங்கே' வராது. அது இருந்த இடத்தில் யூனிகோடின் 65532ஆம் குறி ஒன்றே ஒன்று உட்கார்ந்திருக்கும். 'இந்தச்' என்பதில் புள்ளிகளையும் சேர்த்து 6 குறிகள், ஓர் இடைவெளி, 'செய்தியை' என்பதில் 8, மறுபடி ஓர் இடைவெளி. சுழியத்திலிருந்து எண்ணினால் இணைப்பு 16இல் தொடங்கி 17இல் முடிகிறது. இணைப்பின் சொல் எவ்வளவு நீளமானாலும் பத்திக்குள் அதற்கு ஒரே ஓர் இடம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறிய இணைப்புக்குள்ளேயே இறங்க வேண்டும்.

இது பிடிக்காதவர்கள் உண்டு. வெப்கிட்ஜிடிகே என்ற உலாவி எஞ்சின் நெடுங்காலம் வேறு வழியில் போனது. இணைப்பின் சொல்லையும் பத்தியின் உரையிலேயே விரித்து வைத்து, 16இலிருந்து 21 வரை இணைப்பு என்று சொல்லும். படிக்க எளிது, ஒரே வீச்சில் முழு வாக்கியமும் கிடைத்துவிடுகிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இணைப்புக்குள் ஒரு படம், படத்துக்குப் பின் ஒரு பட்டன் என்று வரும்போது விரித்துவைத்த உரை குழம்பிவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சினான கெக்கோவின் ஒற்றைக் குறி அப்போதும் கலங்காது. மேக் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். அங்கே ஹைப்பர்லிங்க்குக்கென்று இன்டர்ஃபேஸே கிடையாது. இணைப்பும் ஓர் எலமென்ட், முகவரி அதன் பண்புகளில் ஒன்று, முடிந்தது கதை. சுத்தமான ஏற்பாடுதான். எனக்கென்னவோ, வாக்கியத்தில் தன் இடம் எதுவென்று இணைப்பே எண்ணால் சொல்வதில் உள்ள நிறைவு அதில் கிடைப்பதில்லை.

பைண்டிங்கின் தரம் அந்த எண்ணில்தான் சோதிக்கப்படுகிறது. 16 என்று உலாவி சொல்லிவிட்டது. அந்த மொழியின் ஸ்ட்ரிங்கில் 16 எங்கே இருக்கிறது? பைதான் 3இல் பதினேழாவது குறி அதுவே; உரையை அந்த இடத்தில் வெட்டினால் இணைப்புக்கு முன்னால் உள்ளது அத்தனையும் பிசகாமல் கையில் வரும். ரஸ்ட்டில் ஸ்ட்ரிங் பைட் கணக்கு. தமிழில் குறிக்கு 3 பைட். முதல் 5 குறிகளுக்கு 15 பைட் போய்விட, பதினாறாம் பைட் 'இந்தச்' என்ற சொல்லின் கடைசிப் புள்ளிக்குள் விழுகிறது. அங்கே வெட்டச் சொன்னால் ரஸ்ட் பேனிக் ஆகி நிற்கும். நாம் தேடிய இணைப்போ 44ஆம் பைட்டில் இருக்கிறது. ஆங்கிலப் பத்தியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டாது, அதனால் ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் சோதித்தவர்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

என் அபிமானப் பழைய பைஏடிஎஸ்பிஐ-யிலும் இந்த இடம் சரியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பைதான் 2 காலம். உரை வெறும் பைட்டாகவே கைக்கு வரும். டிகோட் செய்யாமல் வெட்டினால் அதே புள்ளி அதே இடத்தில் இரண்டாகும், யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ரஸ்ட்டாவது நின்று சொல்கிறது. பிறகு பைதான் 3 வந்தது, 2012இல் 3.3 பதிப்பு ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பைச் சீர்செய்தது. எண்ணும் உரையும் அன்றுதான் முழுதாக ஒத்துப்போயின.

முழுதாக என்றாலும் உலாவியின் பக்கம் ஒரு கண்டம் மிச்சமிருந்தது. கெக்கோவின் உள்ளே யூடிஎஃப்-16 கணக்கு. ஏடிகே கேட்பது குறிகளின் கணக்கு. வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் 2019இல் யூனிகோட் 12 முந்திரி, மாகாணி, அரைக்கால் முதலிய பின்னக் குறிகளைத் தமிழுக்கெனத் தனித் தொகுதியாகச் சேர்த்தது. அவை 65535க்கு அப்பால் இருப்பவை, யூடிஎஃப்-16இல் ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும். பழைய நிலக்கணக்கு ஒன்றை இணையத்தில் ஏற்றி, ஒரு மாகாணிக் குறிக்குப் பின்னால் இணைப்பு வைத்தால், இடையில் யாராவது இரு கணக்குகளையும் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். கெக்கோ அதற்கென்றே ஓர் அடுக்கு வைத்திருக்கிறது. யார் கண்ணிலும் படாத வேலை அது. நான் அதை எழுதியவர்களை மனதாரப் பாராட்டுபவன்.

பிழைகள் பக்கம் திரும்பினால், விண்டோஸில் ஏடி-எஸ்பிஐ-யின் இடத்தில் ஐஆக்சஸிபிள்2 இருக்கிறது, அதன் ஹைப்பர்லிங்க் இன்டர்ஃபேஸ் ஆக்‌ஷனின் வாரிசு. என்விடிஏ திரைவாசிப்பான் அதைக் காம்டைப்ஸ் நூலகம் வழியாகப் பைதானுக்குக் கொண்டுவருகிறது. வேலை நடக்கிறது. ஆனால் எது தவறினாலும் காம்எரர் என்ற ஒரே முகம். இல்லாததும் செத்ததும் அங்கே பெயரளவில் ஒன்றுதான்; வேறுபாடு உள்ளே இருக்கும் பிழை எண்ணில் மட்டும்.

என் குறை இனிமேல்தான். கோர்பா போய் டி-பஸ் வந்தது; கையால் எழுதிய பைஏடிஎஸ்பிஐ போய், 2011 வாக்கில் ஜிஆப்ஜெக்ட் இன்ட்ரோஸ்பெக்‌ஷன் பெற்றெடுத்த வகுப்புகளின் மேல் பழைய பெயர்களை ஒட்டிவைத்த பைஏடிஎஸ்பிஐ வந்தது. பெயர்களைக் காப்பாற்றியதற்கு நன்றி; ஸ்டார்ட்இண்டெக்ஸ் இன்றும் ஸ்டார்ட்இண்டெக்ஸ்தான். இப்போது க்னோமின் திரைவாசிப்பானான ஓர்க்காவே அந்த மேலடுக்கை விட்டுவிட்டு நேராக அடியில் உள்ள நூலகத்தோடு பேசுகிறது, ஹைப்பர்டெக்ஸ்ட் நுணுக்கங்களை எல்லாம் தனக்குள் ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு. அந்தக் கோப்பு அருமையானது. பெயரே இல்லாத இணைப்புக்கு அதன் முகவரியின் வாலிலிருந்து ஒரு பெயர் தேடித் தருவதுகூட அதில் உண்டு. ஆனால் அது ஓர்க்காவின் சொத்து. நாளைக்கு வேறொரு கருவி எழுத வருபவர், தானாக விளைந்த வகுப்புகளோடும் ஒற்றை வரி விளக்கங்களோடும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தானாக விளைவதில் யாருடைய தீர்மானமும் இருப்பதில்லை. இந்த இடத்தில் எந்த இணைப்பு என்று கேட்டால், எதுவும் இல்லையென்றால் -1 வரும். சி-யில் அது மரபு. பைதானில் -1 என்றால் பட்டியலின் கடைசி உறுப்பு. இணைப்பே இல்லாத இடத்தில் கடைசி இணைப்பைத் தூக்கிக் கொடுத்துவிடும் கோட் எழுத ஒரு கணம் அயர்ந்தால் போதும். பரென்டேயின் கையும் இதைத் தொடவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். பிழைகளுக்கு அத்தனை நயம் காட்டியவர் இதையும் செய்திருக்கலாம். ஹைப்பர்டெக்ஸ்டுக்கு லென்னும் ஃபாரும் கொடுத்திருக்கலாம்.

ஆங்கர் எண்ணிக்கையைத் தேவையற்றது என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. சாதாரண இணைப்புக்கு அது எப்போதும் 1. ஒரே படத்தில் பல பகுதிகள், பகுதிக்கொரு முகவரி என்ற இமேஜ் மேப்புகளுக்காக வைத்தது அது. இன்று அத்தகைய படங்கள் அருகிவிட்டன. இருந்தாலும் முகவரியைக் கேட்கும்போது எத்தனையாவது ஆங்கர் என்று ஓர் எண் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதன் காரணம் அங்கேதான் இருக்கிறது. அதை மறைத்து, சுழியத்தைத் தானாக நிரப்பிவிடும் பைண்டிங் எனக்குச் சம்மதமே. அறவே வெட்டி எறிவது சம்மதமில்லை.

இப்போது ரஸ்ட்டில் ஒடிலியா என்ற திரைவாசிப்பான் திட்டத்தார் ஏடி-எஸ்பிஐ-க்கு எழுதியிருக்கும் கிரேட்டை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். ஹைப்பர்லிங்க் ப்ராக்ஸி இசட்பஸ் மேக்ரோவில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்த ஆறு உறுப்புகளும் டி-பஸ்ஸில் இருப்பது போலவே இருக்கின்றன, இடங்கள் வெறும் ஐ32 எண்களாக. அதன் மேல் ஒரு மெல்லிய அடுக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. தொடக்கமும் முடிவும் ஒரே ரேஞ்சாக, இல்லாததற்கு -1க்குப் பதிலாக நன் என்று, பத்தியின் உரையைக் கொடுத்தால் குறிக் கணக்கைப் பைட்டாக மாற்றிச் சரியான துண்டைத் தரும் ஒரு மெதட். அதற்குரிய டெஸ்ட்டில் ஒரு தமிழ்ப் பத்தியும் இருக்கட்டும், மாகாணிக் குறியோடு.