94-லேயே நிற்கும் ஜிகாபிட்

ஜிகாபிட் ஃபைபர் போட்ட வீட்டில் ஸ்பீட் டெஸ்ட் காட்டும் எண்களிலேயே நமக்கு அதிகம் சொல்லக்கூடியது 94. அதைப் பார்த்ததும் பலர் கொதித்துப்போய் கஸ்டமர் கேரைக் கூப்பிடுகிறார்கள். ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆனால் காலையில் 93, மதியம் 94, இரவிலும் 94 என்று அசையாமல் நிற்கும் எண்ணுக்கு அர்த்தம் தெளிவானது: வழியில் ஏதோ ஒரு கண்ணி 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில், தரவோடு கூடவே போகும் முகவரி விவரங்களுக்கான இடத்தைக் கழித்தால் மிஞ்சுவது கிட்டத்தட்ட 94. அதே கணக்கில் ஆயிரத்துக்கு 940. ஆகவே 940 வருகிற வீட்டில் குறையே இல்லை. 94 வருகிற வீட்டில் குறை பெரும்பாலும் நாலு சுவருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது லேன் கேபிளை. அதன் முனையிலுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடிகளாக எட்டு மெல்லிய கம்பிகள் தெரியும். 100 எம்பிபிஎஸ்-க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழுப்புக் கம்பி ஒன்று தங்க நிறப் பின்னைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் பின்தங்கி நின்றாலும், ரவுட்டரும் கணினியும் ஆயிரத்துக்கு முயன்று பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிக்கொள்ளும். நெட் ஓடும், படம் ஓடும், விளக்கும் எரியும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. சுவருக்குள் ஏற்கெனவே இழுத்த ஒரே கேபிளில் நான்கு கம்பியை நெட்டுக்கும் மீதி நான்கை வேறொன்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பழக்கமும் உண்டு. அந்த வீட்டில் எந்தத் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் 94-ஐத் தாண்டாது. செம்புப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட மலிவுக் கேபிள்களும் இதே வேலையைச் செய்யும். நாலு முறை மடக்கி நிமிர்த்தினால் உள்ளே ஒரு கம்பி அறுந்துவிடும்.

கேபிள் நன்றாக இருந்தால் அடுத்து நிறுவனம் இலவசமாகத் தரும் பெட்டி. இங்கேதான் எனக்குத் தீராத ஆற்றாமை. பின்பக்கம் பார்க்க ஒரே மாதிரி நான்கு துளைகள் இருக்கும். சில மாடல்களில் அவற்றில் ஒன்று மட்டுமே ஜிகாபிட், மற்ற மூன்றும் 100. அந்த வித்தியாசம் பொடி எழுத்தில் ஜிஇ, எஃப்இ என்று அச்சாகியிருந்தால் அதுவே பெரிய விஷயம். ஒவ்வொரு துளையிலும் எந்த வேகத்தில் இணைப்பு நிற்கிறது என்பது பெட்டிக்குத் தெரியும். தெரிந்ததை வீட்டுக்காரரின் கண்ணில் படும்படி சொல்வதற்கு ஒரு விளக்கின் நிறத்தை மாற்றினால் போதுமே! ஜிகாபிட் என்று விற்கிறவர்கள் 100 எம்பிபிஎஸ் துளையை அந்தப் பெட்டியில் வைப்பதே தவறு என்பது என் கட்சி.

‘கம்பெனிக்காரன் ஒரே லைனை ஊருக்கெல்லாம் பங்கு போடுகிறான், நீ கேபிளைக் குற்றம் சொல்கிறாயே’ என்று கேட்கலாம். பங்கு போடுவது உண்மைதான். வீடுகளுக்குப் பரவலாக வரும் ஜிபான் தொழில்நுட்பத்தில் கீழ்நோக்கி வரும் 2.488 ஜிபிபிஎஸ்-ஐ 32 அல்லது 64 வீடுகள் வரை பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் நெரிசலின் அடையாளம் வேறு: விடியற்காலை 6 மணிக்கு 900, இரவு 9 மணிக்கு 300 என்று எண் ஏறி இறங்கும். நேரம் பார்த்து மாறும் வேகத்துக்கு நிறுவனத்தைப் பிடியுங்கள்; மாறாத வேகத்துக்குக் கேபிளையும் துளையையும் பாருங்கள். போனில் வைஃபை வழியாகச் சோதிப்பது இந்த வழக்கில் சாட்சியே ஆகாது. 2.4 கிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 4 போனுக்குக் காகிதத்தில் 144 எம்பிபிஎஸ், கையில் வருவது அதில் ஏறக்குறைய பாதி. அதே அறையில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வைஃபை 5 போனிலும் 500-ஐத் தாண்டலாம். இடையில் ஒரு செங்கல் சுவர் வந்தால் அதுவும் சரியும்.

4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதுமே, 94 இருந்தால் என்ன குறை என்பது இன்னொரு வாதம். படம் பார்க்க மட்டும் என்றால் சரி, ஆனால் அந்த வீட்டுக்கு ஜிகாபிட் திட்டமே வேண்டியதில்லை, மலிவான திட்டத்துக்கு மாறலாம். 100 ஜிபி விளையாட்டொன்றை இறக்குகிற வீட்டில் 940-க்கு ஆகும் நேரம் 14 நிமிடம். 94-க்கு 2 மணி 20 நிமிடத்துக்கும் மேல். மாதாமாதம் ஆயிரத்துக்கான பணம் கட்டுகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரம் நியாயமாகச் சேர வேண்டியது. ஆகவே இணைப்பு கொடுக்க வரும் ஊழியர் கிளம்பும் முன், ஜிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப் ஒன்றைக் கேபிளில் செருகி, நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீட் என்ற வரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 1000/1000 என்று இருந்தால் கையெழுத்துப் போடலாம். 100/100 என்றால் கிரிம்பிங் கருவியை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.