வட்டத்தை அளந்தால் பல்செட் சுத்தமாகிவிடுமா?

வேம்பு, திரிபலா, மஞ்சள், கிராம்பு என்று மூலிகைச் சாறுகளால் பல்செட்டைச் சுத்தம் செய்யலாம் எனச் சொல்லும் ஆய்வுக்கட்டுரைகள் நிறைய வருகின்றன. பலவற்றில் முறை ஒன்றேதான். அகர் தட்டில் கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையைப் பரப்பி, குழியில் சாற்றை ஊற்றி, பூஞ்சை வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். வட்டம் விழுந்தால் ‘பல்செட்டுக்கு ஏற்ற இயற்கை மாற்று’ என்று முடிவுரை. இங்கேதான் எனக்கு இடிக்குது.

முதலில், அந்த வட்டம் சாற்றின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை; அது அகருக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது. ஆகவே சின்ன வட்டம் என்றால் சரக்கு மோசம் என்று அர்த்தமில்லை. சாற்றை எத்தனாலில் இறக்கியிருந்தால் வெறும் எத்தனாலையும் தனியாகச் சோதிக்கணும். இல்லாவிட்டால் பூஞ்சையைக் கொன்றது வேம்பா, சாராயமா?

இரண்டாவது, பல்செட் அகர் கிடையாது. நுண்துளைகள் உள்ள அக்ரிலிக். அதில் கேண்டிடா பாக்டீரியாக்களோடு சேர்ந்து படலமாக ஒட்டிக்கொள்கிறது. தனியாக மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவு, படலத்துக்குள் இருப்பதை அசைக்காமல் போகலாம். மஞ்சள் கறை பிடிக்குமா, தினமும் ஊறினால் மேற்பரப்பு சொரசொரப்பாகுமா என்பதையும் பார்க்கணும். சொரசொரப்பு கூடினால் கிருமி இன்னும் நன்றாக ஒட்டும்.

மாற்று தேடுவதே வீண் என்று சொல்லவில்லை. சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது ப்ளீச், நன்றாக வேலை செய்யும். ஆனால் உலோகப் பகுதிகளை அரிக்கும், அக்ரிலிக்கை வெளுக்க வைக்கும். பிரேசிலில் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்த கரைசலை, பல்செட் போடுபவர்களிடமே ஹைப்போகுளோரைட்டோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அந்த மாதிரி சோதனையில் மூலிகை தோற்றால்கூட, நமக்கு உபயோகமான விஷயம் ஒன்று கிடைக்கும்.

பல்செட் போடுபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ‘இயற்கை’ என்ற சொல்லை நம்பித் தேய்ப்பதை விட்டுவிட்டால், அண்ணம் சிவந்து புண்ணாவது அவர்களுக்குத்தான். மூலிகைக் கரைசல் வரும்போது வரட்டும். அதுவரை பிரஷால் தேய்த்து, ராத்திரி கழற்றி வைப்பதை நிறுத்தவேண்டாம்.