திருப்பிக் கொடுக்க வேண்டிய கடிகாரம்

காரைக்காலில் எங்கள் வீதியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. இந்தோசீனா, பிறகு அல்ஜீரியா என்று போய் வந்தவர். தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். "பட்டாளத்துல குடுத்ததா தாத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "பட்டாளத்துல குடுத்தா திருப்பிக் குடுத்துட்டுத்தான் தம்பி வரணும். இது சைகோன்ல நான் காசு போட்டு வாங்கினது" என்றார்.

2025இல் ப்ரெகே நிறுவனம் தன் 250ஆம் ஆண்டையொட்டி டைப் 20 க்ரோனோகிராஃபைத் தங்கத்தில் வெளியிட்டது. வெள்ளி முகப்பு வைத்த வடிவம் 250 மட்டுமே. அந்தச் செய்தியைப் படித்தபோது தாத்தா சொன்ன பதில்தான் நினைவுக்கு வந்தது.

டைப் 20 என்பது முதலில் ஒரு கடிகாரத்தின் பெயரே அல்ல. அது ஒரு நிபந்தனைப் பட்டியல். 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு விமானத் துறை அமைச்சகம் தன் விமானிகளுக்கு என்ன வேண்டும் என்று எழுதியது. கறுப்பு முகப்பு, இருட்டில் ஒளிரும் எண்கள், ஒரு நாளைக்கு 8 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது, ஒருமுறை சாவி கொடுத்தால் 35 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும், பொத்தான்களை 300 முறை அழுத்தினாலும் பழுதாகக் கூடாது. ப்ரெகே மட்டுமல்ல, டோடான், ஓரிகோஸ்த், விக்ஸா, ஏரான் எனப் பலரும் இதற்குச் செய்து கொடுத்தார்கள். மென்பொருள் வேலையில் இருப்பவனுக்கு இதைப் படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. 'நேர்த்தி', 'கம்பீரம்' என்று ஒரு சொல் கூட இல்லை. சோதித்துப் பார்க்க முடியாத எதையும் அவர்கள் கேட்கவில்லை.

பட்டியலின் உயிர் 'ஃப்ளைபேக்'. சாதாரண க்ரோனோகிராஃபில் ஓடும் முள்ளை நிறுத்த ஒரு அழுத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒன்று, மறுபடி ஓட்ட இன்னொன்று. ஃப்ளைபேக்கில் ஒரே அழுத்தில் முள் பூஜ்யத்துக்குத் தாவி அங்கிருந்தே ஓட ஆரம்பிக்கும். எதற்கு இந்த அவசரம்? மேகத்துக்குள் தரை தெரியாமல் பறப்பவருக்குத் திசைகாட்டி, வேகம், நேரம் மூன்றும்தான் கண். இத்தனை நிமிடம் இந்தத் திசை, பிறகு திரும்பு, மறுபடி எண்ணு. மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது ஏறக்குறைய 167 மீட்டர். மூன்று அழுத்துக்கு இரண்டு விநாடி போனால் 300 மீட்டருக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது.

ப்ரெகேவின் மாதிரிக்கு ஒப்புதல் கிடைத்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி காரைக்கால் இந்தியாவின் கைக்கு வந்தது. 1955 முதல் 1959 வரை பிரெஞ்சு விமானப் படை 1,100 கடிகாரங்களைப் பெற்றது. அல்ஜீரியப் போர் நடந்த ஆண்டுகள் அவை.

2023இல் வந்த எஃகு வடிவத்தைப் பாரிஸில் சித்தப்பாவோடு போய் ஒரு கடையில் கட்டிப் பார்த்தேன். 42 மில்லிமீட்டர், என் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் அதிகம். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் தேதி; எந்த விமானியும் கேட்காதது. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினேன். முள் தாவி வந்து, நிற்காமல் ஓடியது. உள்ளே இருப்பது மணிக்கு 36,000 முறை துடிக்கும் இயந்திரம். 60 மணி நேரம் ஓடும். பழைய பட்டியலை வைத்துப் பார்த்தால் இது நல்ல பொறியியல். 2023இல் விலை 18,000 சுவிஸ் ஃப்ராங்க் அளவில் இருந்தது. "இதுல ஒரு கார் வாங்கலாம்டா" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் அந்தப் பொத்தான் பொய் சொல்லவில்லை.

தங்கப் பதிப்பில்தான் எனக்குச் சிக்கல். 1950களிலேயே சில தங்க டைப் 20கள் செய்யப்பட்டன என்று நிறுவனம் சொல்வது உண்மை. அவை பட்டாளத்துக்குப் போகவில்லை. 250இல் ஒன்று வாங்குபவருக்குக் கிடைப்பது பட்டாளத்தின் முகச்சாயல் மட்டும். அதைவிட உறுத்துவது அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை. 1930இல் கோஸ்த், பெலோந்த் இருவரும் ப்ரெகே 19 விமானத்தில் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் பறந்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அப்போது டைப் 20 பிறக்கவே இல்லை. இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தது. இந்தக் கடிகாரம் உண்மையில் யார் கையில், எந்தப் போரில் இருந்ததோ அந்த நினைவை எடுத்துவிட்டு, வலிக்காத ஒரு நினைவைப் பொருத்தியிருக்கிறார்கள். சொல்தா தாத்தாவிடம் "அல்ஜீரியாவுல என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு மாற்றும் உரிமை உண்டு. விற்பவருக்கு உண்டா?

இரண்டு கடிகாரத்துக்கும் எண் உண்டு. பட்டாளத்துக் கடிகாரத்தின் எண் அது யாருக்கும் சொந்தமில்லை, கணக்கில் வந்தாக வேண்டும் என்பதற்கு. 250இல் 37 என்ற எண் இது மற்ற யாரிடமும் இல்லை என்பதற்கு. வடிவம், முள், பொத்தான் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு அந்த ஒன்றை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்கள். என் பார்வையில் டைப் 20இன் பொருளே அதுதான்.

எங்கள் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளில் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. உப்பேறி, ஓரம் உடைந்து, கயிற்றால் கட்டி வைத்திருப்பார்கள். கரைக்குத் திரும்ப வழி காட்ட வேண்டும் என்பதைத் தவிர அதனிடம் எவரும் எதுவும் கேட்பதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அதற்கும் ஒரு தங்கப் பதிப்பு வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். படகு ஓட்டியவர்களின் பெயர் அதில் இருக்காது.